கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு மாறி வரும் குடும்பம்: வீடு எங்கே எடுப்பது, பிள்ளைகளை எங்கே சேர்ப்பது?

உங்கள் கேள்வியின் சுருக்கம் இது: கணவருக்கு அரச வேலையில் யாழ்ப்பாணத்துக்கு மாற்றம் வந்திருக்கிறது. மகள் தரம் 7, ஆங்கில மொழிமூலம். மகனுக்கு நாலு வயது. நல்ல பள்ளிக்கூடங்கள் கிட்ட இருப்பதால் நல்லூரில் வீடு எடுக்கலாமா?

நல்லூர் நல்ல இடந்தான். ஆனால் இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே கணக்கு வராது. மகளுக்கு நீங்கள் எங்கே குடியிருக்கிறீர்கள் என்பதை விட வகுப்பில் வெற்றிடம் இருக்கிறதா என்பதுதான் முக்கியம். மகனுக்கு விலாசமே முக்கியம், அதிலும் அந்த விலாசத்தில் எத்தனை வருசம் பதிந்திருக்கிறீர்கள் என்பது. இதைப் பிரித்துப் பார்க்காமல் முதலில் வீட்டுக்கு அட்வான்ஸ் கட்டிவிட்டுப் பிறகு பள்ளிக்கூடம் தேடுகிறவர்கள்தான் அதிகம் அலைகிறார்கள்.

மகளின் விசயம் முதலில். இடைத்தரத்தில், அதாவது ஆரம்ப வகுப்பில் அல்லாமல் நடுவில் ஒரு வகுப்பில், சேர்ப்பது வெற்றிடத்தைப் பொறுத்தது. வேம்படி மகளிர் கல்லூரி போன்ற தேசிய பாடசாலைகள் கல்வி அமைச்சின் கீழ் வருகின்றன. மாகாணப் பாடசாலைகளுக்கு வலயக் கல்வி அலுவலகத்தில் கேட்க வேணும். உடுவில் மகளிர் கல்லூரி, சுண்டுக்குளி மகளிர் கல்லூரி போன்ற மிசன் வழிவந்த தனியார் பாடசாலைகளில் நேரே அதிபரிடம் விண்ணப்பிக்கலாம். மூன்று பக்கமும் ஒரே நேரத்தில் கேளுங்கள். ஒன்றின் பதிலுக்காக மற்றதை நிறுத்தி வைத்தால் ஒரு தவணை போய்விடும். மாற்றக் கடிதம், பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், கடைசி இரண்டு வருசத் தேர்ச்சி அறிக்கைகள் ஆகியவற்றின் பிரதிகளைக் கையில் வைத்திருங்கள். இங்கே இடம் தருவதாக எழுத்தில் கடிதம் கிடைக்கும்வரை கொழும்புப் பள்ளிக்கூடத்தில் விடுகைப் பத்திரம் எடுக்க வேண்டாம். எடுத்ததும் அங்கே பெயர் வெட்டப்படும். பிறகு பிள்ளை இரண்டு இடத்திலும் இல்லை.

அதிபரிடம் கேட்க வேண்டியது "ஆங்கில மொழிமூலம் இருக்கிறதா?" என்று மட்டும் இல்லை. தரம் 7இல் எந்தெந்தப் பாடங்கள் ஆங்கிலத்தில் நடக்கின்றன, அதே பாடங்கள் தரம் 11 வரை தொடருமா, இப்போது அதற்கு ஆசிரியர் இருக்கிறாரா என்று கேளுங்கள். விஞ்ஞானத்துக்கு ஆசிரியர் மாற்றலாகிப் போனால் இடைநடுவில் தமிழுக்கு மாற வேண்டி வரும். அழகியல் பாடத்தையும் கேளுங்கள். மகள் கொழும்பில் மேலைத்தேய சங்கீதம் எடுத்திருந்தால், இங்கே பெரும்பாலும் கர்நாடக சங்கீதம், பரதம், சித்திரம், நாடகமும் அரங்கியலும் ஆகியவற்றில் ஒன்றைத்தான் எடுக்க வேண்டியிருக்கும். தரம் 7இல் மாறுவது சமாளிக்கக்கூடியது. தரம் 10 தொடங்கிச் சாதாரண தரத்துக்குப் பாடத்தொகுதி தெரிவு செய்த பிறகு மாறினால் உண்மையிலேயே கஷ்டம். அதனால் மாற்றத்தைத் தள்ளிப்போடலாமா என்று யோசிக்காமல் இந்த வருசமே வாருங்கள்.

இனி மகன். தரம் 1க்குச் சேரும் வருசம் ஜனவரி 31ஆம் திகதிக்குள் ஐந்து வயது பூர்த்தியாகியிருக்க வேணும். விண்ணப்பம் வழக்கமாக அதற்கு முந்தைய வருசத்தின் நடுப்பகுதியில் கோரப்படும். அரச பாடசாலைகளில் இடங்கள் பிரிக்கப்படுவது இப்படி: அயலில் வசிப்போருக்கு 50 வீதம், பழைய மாணவரின் பிள்ளைகளுக்கு 25, அங்கே படிப்போரின் சகோதரருக்கு 15, கல்வித்துறை ஊழியரின் பிள்ளைகளுக்கு 5, சேவைத் தேவைக்காக இடமாற்றம் பெற்ற அரச உத்தியோகத்தருக்கு 4, வெளிநாட்டிலிருந்து திரும்பியோருக்கு 1. ஒவ்வொரு பிரிவிலும் புள்ளி போட்டுத்தான் பிள்ளைகளை எடுப்பார்கள், அந்தப் புள்ளித் திட்டத்தில் திருத்தங்கள் வருவதுண்டு. அதனால் கல்வி அமைச்சின் அந்த வருசத்துச் சுற்றறிக்கையையே கையில் எடுத்துப் படியுங்கள். போன வருசம் சேர்த்த அயலவர் சொல்வதை நம்பி விண்ணப்பம் நிரப்ப வேண்டாம்.

உங்களுக்கு உண்மையில் உள்ள வழி அந்த 4 வீதம். கணவரின் கடிதத்தில் சேவைத் தேவையின் பேரில் மாற்றம் என்று தெளிவாக இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். சொந்த விருப்பத்தில் கேட்டு வாங்கின மாற்றம் இந்தப் பிரிவில் நிற்காது. அயலில் வசிப்போர் பிரிவில் வாக்காளர் இடாப்பை ஐந்து வருசம் பின்னோக்கிப் பார்ப்பார்கள். புதிதாக வந்தவருக்கு அங்கே பெரிய புள்ளி வராது. சகோதரர் பிரிவும் உதவாது. மகள் பெண்கள் பாடசாலைக்குப் போனால் தம்பிக்கு அங்கே இடமில்லை, வேம்படியில் ஆரம்பப் பிரிவே இல்லை. யாழ். இந்துக் கல்லூரியும் தரம் 6இலிருந்துதான். யாழ். இந்து ஆரம்பப் பாடசாலை தனி நிர்வாகம். இதை அறியாமல் கல்லூரி வாசலில் போய் நிற்கும் பெற்றோர் பலர்.

தூரத்துக்கான புள்ளியைப் பற்றியும் ஒரு தப்பு அபிப்பிராயம் இருக்கிறது. றோட்டுத் தூரத்தைப் பார்ப்பதில்லை. வீட்டை மையமாக வைத்து, விண்ணப்பித்த பாடசாலை வரைக்கும் வரைபடத்தில் வட்டம் போடுவார்கள். அந்த வட்டத்துக்குள் உங்கள் பிள்ளையைச் சேர்க்கக்கூடிய வேறு அரச ஆரம்பப் பாடசாலை எத்தனை விழுகிறதோ, அத்தனைக்கும் புள்ளி கழியும். யாழ். நகருக்குள் பள்ளிக்கூடங்கள் நெருக்கமாக இருப்பதால் அரை மைல் தள்ளினாலே இரண்டு மூன்று விழுந்துவிடும். 1960, 61 சட்டங்களால் அரசு பொறுப்பெடுத்த பாடசாலைகளில் அப்போதிருந்த சமய விகிதமும் பார்க்கப்படும். ஆகவே வீட்டுக்கு மிகக் கிட்ட உள்ள ஆரம்பப் பாடசாலையை ஒருக்கால் நேரே போய்ப் பாருங்கள். வகுப்பில் பிள்ளைகள் குறைவாக, ஆசிரியர் அக்கறையாக இருக்கும் சின்னப் பள்ளிக்கூடம் ஐந்து வருசத்துக்குப் போதும். தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையின் வெட்டுப்புள்ளியோடு தரம் 6இல் இன்னொரு வாசல் திறக்கும்.

இப்போது வீடு. வாடகைக்கு வரும் வீடுகளில் பல வெளிநாட்டில் இருப்பவர்களுடையவை. திறப்புத் தருகிறவர் மாமாவோ அயலவரோ ஆக இருப்பார். அவரிடம் அற்றோணித் தத்துவம் (உரிமையாளருக்காகக் கையெழுத்திடும் சட்ட அதிகாரம்) இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாமல் அவர் வைக்கும் கையெழுத்து பள்ளிக்கூட விண்ணப்பத்துக்கு உதவாது. ஒப்பந்தத்தை நொத்தாரிசிடம் எழுதிப் பதிவு செய்யுங்கள். குடிவந்த கிழமையே கிராம அலுவலரிடம் பதிந்து, வாக்காளர் இடாப்புத் திருத்தத்துக்கும் பெயர் கொடுங்கள்.

தண்ணீரைப் பார்க்காமல் முடிவெடுக்க வேண்டாம். குடாநாடு சுண்ணாம்புக்கல் நிலம், மேலே ஊற்றுவது வேகமாகக் கீழே இறங்கும். குருநகர், பாசையூர், நாவாந்துறைப் பக்கம் கரையோரம் என்பதால் கிணறு உவர்க்கும். ஆவணி, புரட்டாதியில் இன்னும் கூடும். திருநெல்வேலி, கோண்டாவில், இணுவில், கோப்பாய்ப் பக்கம் தண்ணீர் நல்லாய் இனிக்கும், ஆனால் தோட்டப் பசளையிலிருந்து இறங்கும் நைத்திரேற்று (nitrate) என்ற உப்பு இருக்கலாம். உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். கைக்குழந்தை உள்ள வீட்டுக்கு இது ஆபத்தானது. கொதிக்க வைத்தால் போகாது, தண்ணீர் வற்ற வற்றச் செறிவு கூடும். சாதாரண வடிகட்டியும் எடுக்காது, எதிர்ச்சவ்வூடு (RO) வடிகட்டி தேவை. மலசலகூடக் குழிக்கும் கிணற்றுக்கும் 15 மீற்றர் இருக்கிறதா என்று அளந்து பாருங்கள், அயல் வீட்டுக் குழியையும் சேர்த்து. ஒரு போத்தல் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுத்து முடிவு வந்த பிறகு அட்வான்ஸ் கட்டுங்கள். குழாய்நீர் இணைப்பு உள்ள வீடு என்றால், கிழமைக்கு எத்தனை நாள் வருகிறது என்று பக்கத்து வீட்டில் கேளுங்கள், வீட்டுக்காரரிடம் இல்லை.

கார்த்திகை மழையில் தாழ்ந்த ஒழுங்கைகள் நிரம்பும். சுவரின் அடிப்பகுதியில் ஒரே மட்டத்தில் கறையோ புதுச் சீமெந்துப் பூச்சோ இருந்தால் வெள்ளம் வந்த வீடு.

நல்லூரைத் திட்டமாய் எடுப்பதானால் ஒன்று நினைவில் வையுங்கள்: கோயிலைச் சுற்றியுள்ள றோட்டுகள் 25 நாள் திருவிழாவில் வாகனத்துக்கு மூடப்படும். திருநெல்வேலியில் பல்கலைக்கழகத்தால் வாடகை கூட. மகளுக்கு நகருக்குள் இடம் கிடைத்தால் நான் முதலில் பார்க்கச் சொல்வது கொக்குவிலும் அரியாலையின் நகர்ப்பக்கமும். இரண்டிலிருந்தும் சைக்கிளில் போய் வரலாம். ஆனால் கொக்குவில், கோண்டாவில், இணுவில் ஊடாக 2015இலிருந்து மறுபடி ரயில் ஓடுகிறது. வீட்டிலிருந்து பள்ளிக்கூடத்துக்கும் பின்னேர ரியூசனுக்கும் போகும் வழியில் காவலாளி இல்லாத கடவை இருக்கிறதா என்று காலை ஏழு மணிக்கும் இரவு ஏழு மணிக்கும் ஒருக்கால் அதே பாதையில் சைக்கிளில் போய்ப் பாருங்கள். விளக்கில்லாத ஒழுங்கையும் அப்போதுதான் தெரியும்.