பட்டறைக் கேள்விகள்: சின்ன இன்ஜினுக்கு டர்போ

கேள்வி: என்னிடம் பழைய மினி ஒன்று இருக்கிறது. 1275 சிசி ஏ-சீரிஸ் இன்ஜின், ஒற்றை எஸ்யு கார்புரேட்டர். இன்ஜினைப் பிரித்து முழு வேலை பார்த்து ஆறு மாதம்தான் ஆகிறது. இப்போது ஒரு சின்ன டர்போ (வெளியேறும் புகையின் வேகத்தில் சுழன்று இன்ஜினுக்குள் காற்றை அமுக்கித் தள்ளும் கருவி), அதை இன்ஜினோடு இணைக்கும் மெனிஃபோல்டு குழாயோடு கைக்கு வந்திருக்கிறது. எதிலிருந்து தொடங்கட்டும்?

பதில்: முதலில் அந்த டர்போவைத் துணியில் சுற்றி அலமாரியில் வையுங்கள். அதை மாட்டுவது கடைசி வேலை.

இதை நான் பிஸ்டன் விலை கொடுத்துக் கற்றுக்கொண்டேன். இதே இன்ஜின்தான். ஆசை தாங்காமல் டர்போவை முதலில் மாட்டினேன். அழுத்தக் காற்றைக் கார்புரேட்டர் வழியாகவே ஊத வைத்தேன். கார்புரேட்டரில் பெட்ரோல் தங்கும் மிதவைக் கிண்ணத்துக்கும் அதே அழுத்தம் போகும்படி ஒரு ஹோஸ் கொடுத்தேன், அதுவரை சரிதான். ஆனால் பழைய மெக்கானிக்கல் பெட்ரோல் பம்பை அப்படியே விட்டுவிட்டேன். அது தள்ளுவதே 3 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அளவு) சுமாருக்கு. நான் வைத்த பூஸ்ட், அதாவது டர்போ கூட்டித் தரும் காற்றழுத்தம், 5 பிஎஸ்ஐ. கிண்ணத்துக்குள் 5 பிஎஸ்ஐ காற்று உட்கார்ந்திருக்கும்போது 3 பிஎஸ்ஐ பெட்ரோல் எப்படி உள்ளே போகும்? கிண்ணத்தில் மிச்சமிருந்த பெட்ரோல் தீரும்வரை வண்டி பறந்தது. எண்ணிப் பத்து நொடி இருக்கும். அப்புறம் ஒரு தும்மல், ஒரு வெள்ளைப் புகை. ஹெட்டைத் தூக்கிப் பார்த்தால் மூன்றாவது பிஸ்டனில் கட்டைவிரல் நுழையும் ஓட்டை. ஸ்பார்க் பிளக் முனையில் மிளகு மிளகாக உருகிய அலுமினியம்.

ஆகவே பெட்ரோலில் தொடங்குங்கள். நல்ல எலக்ட்ரிக் பம்ப், பூஸ்ட் ஏற ஏறத் தானும் அதே அளவு அழுத்தத்தை ஏற்றிக்கொடுக்கும் ரெகுலேட்டர். பூஸ்ட் எவ்வளவோ, அதற்கு மேல் 3 அல்லது 4 பிஎஸ்ஐ எப்போதும் இருக்க வேண்டும். கார்புரேட்டரில் காற்று வரத்தைத் திறந்து மூடும் திராட்டில் தண்டு தேய்ந்திருந்தால் அந்த இடுக்கு வழியாகப் பெட்ரோலும் காற்றும் வெளியே பீச்சும், பக்கத்திலேயே பழுக்கக் காய்ந்த டர்போ இருக்கும். என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கூடவே, கலவையை அளந்து காட்டும் வைட்பேண்ட் சென்சர் ஒன்றைச் சைலன்சர் குழாயில் மாட்டிவிடுங்கள். பூஸ்டில் கலவை, எடையில் காற்று 12-க்குப் பெட்ரோல் 1 என்ற பக்கம் நிற்க வேண்டும். 13-ஐத் தாண்டினால் உடனே காலை எடுங்கள்.

அடுத்தது தீப்பொறி. தீப்பொறியை நேரம் பார்த்துப் பிளக்குகளுக்குப் பிரித்தனுப்பும் பழைய டிஸ்ட்ரிபியூட்டருக்கு ஆர்பிஎம் தெரியும், வேக்குவம் தெரியும். பூஸ்ட் என்று ஒன்று இருப்பதே தெரியாது. ஒவ்வொரு பிஎஸ்ஐக்கும் சுமார் 1 டிகிரி டைமிங்கைப் பின்னே இழுப்பது, அதாவது தீப்பொறியைத் தாமதிப்பது, தொடக்கத்துக்கு ஏற்ற கணக்கு. பூஸ்டைப் பார்த்து டைமிங்கை மாற்றும் எலக்ட்ரானிக் பெட்டி கிடைத்தால் யோசிக்காமல் வாங்குங்கள்.

இந்த இன்ஜினுக்குத் தொழிற்சாலையிலேயே டர்போ வைத்திருக்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெம்பு தரும். 1980களின் எம்ஜி மெட்ரோ டர்போ இதே 1275 சிசிதான், 93 குதிரைத்திறன். அதில் எக்ஸாஸ்ட் வால்வுக்குள் சோடியம் நிரப்பியிருந்தார்கள், சூட்டைத் தண்டு வழியாகக் கடத்திவிட. கியர்பாக்ஸ் தாங்காது என்று கீழ் ஆர்பிஎம்மில் பூஸ்டைக் குறைத்தே வைத்தார்கள். கம்பெனிக்காரனே பயந்து வைத்த இடத்தில் நாம் வீரம் காட்ட வேண்டாம். 6, 7 பிஎஸ்ஐயோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கிளட்ச், பிரேக் இரண்டையும் மறந்துவிடாதீர்கள்.

கேள்வி: கம்ப்ரெஷனைக் குறைக்காமல் டர்போ மாட்ட முடியாதா? குறைத்தால் பூஸ்ட் வரும்வரை வண்டி மந்தமாகிவிடும் என்கிறார்களே.

பதில்: மந்தமாகும், உண்மைதான். கம்ப்ரெஷன் என்பது பிஸ்டன் கலவையை எத்தனை மடங்கு அமுக்குகிறது என்ற விகிதம். டர்போ ஏற்கெனவே அமுக்கிய காற்றைத் தருவதால்தான் அதைக் குறைக்கிறார்கள். 1973-இல் வந்த பிஎம்டபிள்யூ 2002 டர்போவில் கம்ப்ரெஷனை 6.9-க்கு 1 வரை இறக்கினார்கள். கீழே தூங்கும், மேலே திடீரென்று உதைக்கும் என்று பெயர் வாங்கியது அந்தக் கார்.

எதிர்ப்பக்கம் போனவர்களும் உண்டு. 1962-இல் ஓல்ட்ஸ்மொபீல் ஜெட்ஃபயர் 10.25-க்கு 1 கம்ப்ரெஷனை வைத்துக்கொண்டே டர்போ போட்டது. கலவை தானாகவே நேரம் தப்பி வெடிக்கும் நாக்கிங் வராமலிருக்கத் தண்ணீரும் மெத்தனாலும் கலந்த திரவத்தைத் தனித் தொட்டியிலிருந்து உள்ளே தெளித்தார்கள். தொட்டியை நிரப்ப மறந்தவர்கள் ஏராளம். எனக்கு மனித மறதியின் மேல் அபார நம்பிக்கை உண்டு, அதனால் அந்த வழியைச் சொல்ல மாட்டேன்.

நடுவில் நில்லுங்கள், 8.5 போதும். 1275 சிசி என்றால் ஒரு சிலிண்டருக்கு 318.75 சிசி. கம்ப்ரெஷன் 9.4 என்றால் பிஸ்டன் மேலே நிற்கும்போது மிஞ்சும் இடம் சுமார் 38 சிசி. 8.5-க்கு வர அது 42.5 ஆக வேண்டும். அதாவது நான்கரை சிசி, ஒரு டீஸ்பூன்கூட இல்லை. அதைக் குழிவுள்ள பிஸ்டனில் எடுங்கள், அல்லது ஹெட்டின் எரிஅறையில் சுரண்டி எடுங்கள். ஹெட்டுக்கு அடியில் வைக்கும் கேஸ்கட்டைத் தடித்ததாகப் போட்டு ஒப்பேற்றாதீர்கள். பிஸ்டன் ஓரத்துக்கும் ஹெட்டுக்கும் நடுவே உள்ள மெல்லிய இடுக்குதான் கலவையைப் பிதுக்கிக் கலக்கிவிடுகிறது. அதை அகலமாக்கினால் கம்ப்ரெஷன் குறைந்தும் நாக்கிங் குறையாது.

கேள்வி: பானெட்டுக்குள் இடமே இல்லை. டர்போவிலிருந்து வரும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரை விட்டுவிடலாமா?

பதில்: 5 பிஎஸ்ஐக்குள் என்றால் விடலாம். 7 என்றால் கணக்கைப் பாருங்கள். காற்றை அமுக்கினால் சூடாகும், சைக்கிள் பம்பைத் தொட்டுப் பார்த்தவருக்குத் தெரியும். 30 டிகிரியில் உள்ளே வந்த காற்று, சுமாரான திறனுள்ள டர்போவில் 7 பிஎஸ்ஐக்கு அமுங்கி வெளியே வரும்போது 85 டிகிரி பக்கம் இருக்கும். சூடான காற்று விரிந்துவிடுவதால் உங்களுக்குக் கூடுதலாகக் கிடைப்பது 25 சதவீதக் காற்றுதான். இன்டர்கூலர் வைத்து 45 டிகிரிக்கு இறக்கினால் அதுவே 40 சதவீதம். காற்றைவிட எனக்கு முக்கியம், அந்த 40 டிகிரி இறக்கம் நாக்கிங்கைத் தள்ளி வைப்பது. ஒரு சின்ன இன்டர்கூலரை கிரில்லுக்குப் பின்னால் சாய்த்துச் செருகுங்கள். ஒன்று மட்டும்: கார்புரேட்டர் டர்போவுக்கு முன்னால் இருந்தால் இன்டர்கூலரை நினைக்கவே கூடாது. அதற்குள் பெட்ரோல் தேங்கும், இன்ஜினிலிருந்து தீ பின்னோக்கிப் பாயும் ஒரு பேக்ஃபயர் போதும், பற்றிக்கொள்ள.

கேள்வி: 12 வோல்ட்டில் ஓடும் 'எலக்ட்ரிக் டர்போ' ஒன்றைப் பார்த்தேன். ஏர்ஃபில்டர் குழாயில் மாட்டினால் போதுமாம்.

பதில்: மேலே சொன்ன 7 பிஎஸ்ஐ காற்றை இந்த இன்ஜினுக்கு 6,000 ஆர்பிஎம்மில் கொடுக்க 4 கிலோவாட்டுக்கு மேல் வேண்டும். 12 வோல்ட்டில் 350 ஆம்பியர். நீங்கள் பார்த்த பொருளின் வயர் எவ்வளவு தடிமன்?

கேள்வி: சின்னப் பழைய காருக்கு டர்போ மாட்டி இரண்டு மாதம் ஆகிறது. இழுவை பிரமாதம். ஆனால் சிக்னலில் நின்றால் நீலப் புகை. மாட்டித் தந்தவர் டர்போ சீல் போய்விட்டது என்று வேறு டர்போ மாற்றினார். அதிலும் புகை. இன்னொன்று மாற்றலாம் என்கிறார்.

பதில்: மூன்றாவதை வாங்காதீர்கள். வண்டிக்கு அடியில் படுத்து, டர்போவிலிருந்து எண்ணெய் திரும்பி வரும் குழாயைப் பாருங்கள். உள்ளே போகும் எண்ணெய்க்குப் பம்பின் அழுத்தம் இருக்கிறது; வெளியே வரும் எண்ணெய்க்குப் பூமியின் இழுப்பு மட்டும்தான். அதுவும் ஒரு லட்சம் ஆர்பிஎம்முக்கு மேல் சுழலும் தண்டைச் சுற்றி வந்து, நுரை தள்ளிய எண்ணெய். சுண்டுவிரல் அளவுக் குழாயில் அது இறங்காது. உள்விட்டம் 16 மில்லிமீட்டருக்குக் குறையாமல், எங்கும் மேலே ஏறாமல், நேராகக் கீழே வர வேண்டும். முடியும் இடம், இன்ஜினின் அடியில் எண்ணெய் தங்கும் சம்ப்பில் எண்ணெய் மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும். இந்த மூன்றில் ஒன்று தவறினாலும் எண்ணெய் டர்போவிலேயே தேங்கி, சீலைத் தாண்டிச் சைலன்சருக்குள் போகும். புத்தம் புது டர்போவும் புகைக்கத்தான் செய்யும்.

குழாய் சரியாக இருந்தால் அடுத்து பிரீதர், அதாவது இன்ஜினின் அடிப்பகுதி அழுத்தம் வெளியேறும் வழி. பழைய இன்ஜினில் பிஸ்டன் ரிங் வழியாகக் கீழே கசியும் அழுத்தம் பூஸ்டில் இன்னும் கூடும். அது வெளியேற வழியில்லாவிட்டால் அந்தக் குழாய் வழியாகவே மேலே முட்டி எண்ணெயைத் தடுத்துவிடும். வண்டி ஓடும்போது எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். புகை குறைந்தால் திருடன் அங்கேதான் இருக்கிறான்.