பழைய லாரிக்குப் புது டேங்க்: இரும்பா, பிளாஸ்டிக்கா?

கேள்வி: என்னிடம் இருபத்தைந்து ஆண்டுகளைக் கடந்த டீசல் லாரி ஒன்று இருக்கிறது. டேங்கின் அடிப்பகுதியில் கசிவு ஏற்பட்டது. இரண்டு முறை பற்றவைத்தும் நிற்கவில்லை. டேங்கையே மாற்றிவிடலாம் என்று முடிவு செய்திருக்கிறேன். வண்டியோடு வந்ததைப் போன்ற இரும்பு டேங்கும் கிடைக்கிறது, அதே அளவில் பிளாஸ்டிக் டேங்கும் கிடைக்கிறது. மெக்கானிக் இரும்பையே போடச் சொல்கிறார். சக ஓட்டுநர்களோ பிளாஸ்டிக் போட்டால் துருத்தொல்லையே இல்லை என்கிறார்கள். தீப்பிடித்தால் பிளாஸ்டிக் என்னவாகும் என்ற பயமும் எனக்கு இருக்கிறது. எதைத் தேர்ந்தெடுப்பது?

பதில்: இரண்டில் எது உயர்ந்தது என்று ஆராய்வதற்கு முன், உங்கள் பழைய டேங்க் எதனால் கெட்டது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். கழற்றிய டேங்கை உடனே பழைய இரும்புக்குப் போட்டுவிட வேண்டாம். துரு வெளியிலிருந்து உள்ளே போயிருக்கிறதா, உள்ளிருந்து வெளியே வந்திருக்கிறதா என்பது தெரிந்துவிட்டால் தேர்வில் பாதி முடிந்துவிடும்.

வெளித்துரு பெரும்பாலும் டேங்கைச் சேஸிஸோடு (வண்டியின் அடிச்சட்டத்தோடு) இறுக்கிப் பிடிக்கும் பட்டைகளின் அடியில்தான் தொடங்குகிறது. பட்டைக்கும் டேங்குக்கும் நடுவில் உரசலைத் தடுப்பதற்காக ரப்பரோ கம்பளியோ வைத்திருப்பார்கள். அதற்குள் சேறும் ஈரமும் புகுந்துவிட்டால் எளிதில் காய்வதில்லை. பட்டையைக் கழற்றிப் பாருங்கள்: மற்ற இடங்களில் பெயின்ட் நன்றாகவே இருக்க, பட்டை படிந்திருந்த அகலத்துக்கு மட்டும் தகடு செதில் செதிலாகப் பெயர்ந்து, ஊசிமுனை அளவிலான ஓட்டைகள் அந்தக் கோட்டை ஒட்டியே வரிசையாகத் தென்பட்டால், அது வெளித்துரு. இந்த நிலையில் இரும்பின் மீது குற்றம் இல்லை. ஈரத்தைத் தேக்கி வைத்த அந்தத் துண்டின் மீதுதான் குற்றம்.

உள்துருவுக்குக் காரணம் தண்ணீர். டேங்கைப் பாதிக்கும் குறைவாக வைத்து வண்டியை நாட்கணக்கில் நிறுத்தினால், காலியான பகுதியில் உள்ள காற்றின் ஈரம் இரவுக் குளிரில் தகட்டின் உட்புறத்தில் துளிகளாகப் படிந்து வழியும். ஒரு லிட்டர் டீசலின் எடை ஏறத்தாழ 0.83 கிலோ; தண்ணீர் அதைவிடக் கனமானது என்பதால் நேராக அடியில் போய்த் தங்கிவிடும். தண்ணீரும் டீசலும் சந்திக்கும் அந்த மெல்லிய பரப்பில் நுண்ணுயிர்கள் பெருகி, வழவழப்பான கரும்படிவை உண்டாக்குகின்றன. அவை வெளிவிடும் அமிலம் தகட்டை மேலும் வேகமாக அரிக்கிறது. எரிபொருள் அளவை மானிக்குத் தெரிவிக்கும் மிதவையான ஃப்ளோட் பொருந்தும் துளை வழியாக வெளியிலிருந்தே டார்ச் அடித்துப் பார்த்தாலே அடித்தகட்டின் நிலை தெரிந்துவிடும். கம்பியில் தொங்கும் பல்பை மட்டும் உள்ளே இறக்காதீர்கள். டீசல் ஃபில்டரில் செம்மண் நிறத்தில் துகள்கள் சேர்ந்து வந்திருந்தால் அதுவும் உள்துருவையே காட்டும்.

இரண்டு முறை பற்றவைத்தும் கசிவு நிற்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ஓட்டைக்குச் சுற்றிலும் தகடு மெலிந்திருந்தால்தான் ஓரிடத்தை அடைக்க அடுத்த இடம் விட்டுக்கொடுக்கும். கசிவும் அடிப்பகுதியிலேயே இருப்பதால், உள்ளே நெடுநாள் நின்ற தண்ணீரே காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். நேரில் பார்த்து இதை உறுதி செய்துகொண்டால், உங்கள் வண்டிக்குப் பிளாஸ்டிக் டேங்கையே நான் பரிந்துரைப்பேன். ஆனால் சில நிபந்தனைகள் உண்டு.

முதல் நிபந்தனை, உங்கள் அச்சத்தைச் சார்ந்தது. வாகன டேங்குகளுக்குப் பயன்படும் அடர்த்தி மிகுந்த பாலிஎதிலீன் என்ற பிளாஸ்டிக் சுமார் 130 டிகிரி செல்சியஸில் உருகிவிடும் என்பது உண்மைதான். இருந்தும், உள்ளே எரிபொருள் இருக்கும் வரை அது வெப்பத்தை உறிஞ்சிக்கொள்வதால், திரவம் தொட்டுக்கொண்டிருக்கும் சுவர் உடனே உருகிவிடுவதில்லை. ஐ.நா. ஐரோப்பியப் பொருளாதார ஆணையத்தின் 34-ஆம் எண் விதிமுறை, பிளாஸ்டிக் டேங்குகளுக்கென்றே தனிச் சோதனைகளை வகுத்திருக்கிறது. பாதி நிரப்பிய டேங்கை 60 விநாடி நேரடித் தீயில் வைத்து, அதன் பிறகு மேலும் 60 விநாடி தடுப்பு ஒன்றின் மேலாக வரும் தீயில் வைத்தாலும் எரிபொருள் ஒழுகக் கூடாது. உறைநிலைக்குக் கீழே 40 டிகிரியில், கூர்முனை கொண்ட 15 கிலோ எஃகுக் கட்டியால் அடித்தாலும் உடையக் கூடாது. ஆகவே, இந்தச் சோதனையிலோ இதற்கு இணையான வேறொரு சோதனையிலோ தேறியதற்கான முத்திரை டேங்கின் மீதே இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். முத்திரை இல்லாத டேங்க் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். தண்ணீருக்கென்று வார்த்த பிளாஸ்டிக் தொட்டியை டீசலுக்குப் பொருத்துவது உயிரோடு விளையாடுவது.

அடுத்தது, டேங்க் அமரும் இடம். சைலன்ஸரோ புகைக்குழாயோ அருகில் போகும் வண்டியில் வெப்பத்தடுப்புத் தகடு இல்லாமல் பிளாஸ்டிக் டேங்கைப் பொருத்தவே கூடாது. உங்கள் லாரியில் தகடு வைக்க இடமே இல்லையென்றால், நான் மேலே சொன்னதை விட்டுவிட்டு இரும்பு டேங்கையே போட்டுவிடுங்கள். கற்கள் தெறிக்கும் சுரங்கப் பாதைகளிலும் கட்டுமானத் தளங்களிலும் ஓடும் வண்டிக்கும் இரும்பே மேல். இரும்பு நசுங்கினாலும் பெரும்பாலும் ஒழுகுவதில்லை. பிளாஸ்டிக் சிறு அடிகளுக்கு வளைந்து கொடுக்கும் என்றாலும், கூர்மையான விளிம்பில் ஆழமாகக் கீறப்பட்டால் அதைச் சரிசெய்வது கடினம். சாதாரணப் பசைகள் பாலிஎதிலீனில் நிலையாக ஒட்டுவதில்லை.

பொருத்தும் வேலையில்தான் பலருக்கும் தவறு நேர்கிறது. எரிபொருளை ஓரளவு உறிஞ்சிக்கொண்டு பிளாஸ்டிக் சற்றே உப்பும். சுழல் அச்சில் வார்த்த ஒற்றை அடுக்கு டேங்குகளில் 1 மீட்டர் நீளத்துக்கு 2 சென்டிமீட்டர் வரைகூட இது போகலாம். ஆகவே நாற்புறமும் இடைவெளி விடாமல் நெருக்கிப் பொருத்தினால், சில மாதங்களில் டேங்க் சேஸிஸில் உரசத் தொடங்கிவிடும். பட்டையை இரும்பு டேங்குக்கு முறுக்குவது போல இறுக்கினால் பிளாஸ்டிக் மெல்ல மெல்ல அமுங்கிவிடும் என்பதால், டேங்கோடு வரும் குறிப்பில் சொன்ன அளவுக்கு மட்டும் இறுக்கச் சொல்லுங்கள். துருப்பிடித்த பழைய பட்டைகளைப் புது டேங்குக்குப் போடவே போடாதீர்கள்.

எர்த் விஷயத்தையும் மெக்கானிக்கிடம் மறவாமல் சொல்ல வேண்டும். இரும்பு டேங்கில் ஃப்ளோட்டுக்குத் தேவையான எர்த், பல வண்டிகளில் டேங்கின் உடல் வழியாகவே கிடைத்துவிடும். பிளாஸ்டிக்கில் அது கிடைக்காது. ஃப்ளோட்டிலிருந்து சேஸிஸுக்குத் தனி வயர் இழுக்காவிட்டால் டேஷ்போர்டில் இருக்கும் மானி தவறாகக் காட்டும். நிரப்பும் வாய் உலோகமாக இருந்தால் அதையும் வயரால் சேஸிஸோடு இணைக்க வேண்டும், ஏனெனில் எரிபொருள் ஊற்றும்போது உண்டாகும் நிலைமின்சாரம் வெளியேற அதுவே வழி. புது ஃப்ளோட்டும் பழைய மானியும் ஒரே ஓம் (மின்தடை) அளவில் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். 0 முதல் 90 ஓம் வரை வேலை செய்யும் மானிக்கு 240 முதல் 33 ஓம் வரையிலான ஃப்ளோட்டைக் கொடுத்தால், எவ்வளவு டீசல் இருக்கிறது என்பது சரியாகத் தெரியாது.

இரும்பு டேங்கை வாங்குவதாக இருந்தால், உட்பூச்சு என்ன என்று கேளுங்கள். துத்தநாகம் டீசலோடு வினைபுரிந்து உண்டாக்கும் சோப்பு போன்ற பொருள் ஃபில்டரையும் இன்ஜெக்டரையும் அடைக்கும் என்பதால், உட்புறம் கால்வனைஸ் செய்த, அதாவது துத்தநாகம் பூசிய டேங்க் டீசலுக்கு ஆகாது. வெளியே மட்டும் அந்தப் பூச்சு இருந்தால் கெடுதல் இல்லை.

கடைசியாக, சக ஓட்டுநர்கள் சொன்னதைப் பற்றி. பிளாஸ்டிக் துருப்பிடிக்காது என்பது சரிதான். ஆனால் தண்ணீர் பிளாஸ்டிக் டேங்கிலும் சேரும், நுண்ணுயிர்களும் வளரும். ஆகவே வண்டியை நெடுநாள் நிறுத்தும்போது டேங்கை நிரப்பி வைப்பதையும், ஃபில்டரில் தேங்கும் தண்ணீரை அவ்வப்போது திறந்துவிடுவதையும் கைவிட்டுவிடாதீர்கள்.

கேள்வி: எப்போதாவது மட்டும் ஓட்டும் பழைய பெட்ரோல் பிக்அப் வைத்திருக்கிறேன். டேங்கில் இன்னும் ஓட்டை விழவில்லை, உள்ளே துரு மட்டும் இருக்கிறது. உட்பூச்சுத் திரவம் ஊற்றினால் போதுமா?

பதில்: துருவை முழுவதும் நீக்கி, எண்ணெய்ப்பசை இல்லாமல் கழுவி, ஒரு துளி ஈரமும் இல்லாமல் காயவைத்த தகட்டில்தான் அந்தப் பூச்சு பிடிக்கும். உள்ளே அலையைத் தடுக்கும் தடுப்புத் தகடுகள் கொண்ட டேங்கில் அவற்றின் பின்புறத்தை அப்படிச் சுத்தம் செய்வது மிகவும் கடினம். சரியாகப் பிடிக்காத பூச்சு சில காலத்தில் தோலாக உரிந்து பம்பின் வாயை அடைத்துக்கொள்ளும். எத்தனால் கலந்த பெட்ரோல் சில பூச்சுகளை இளகவும் வைக்கிறது. மிகவும் அரிய வண்டி, மாற்று டேங்கே கிடைக்காது என்றால் மட்டும் இந்த வழிக்குப் போங்கள். பிளாஸ்டிக் டேங்க் வாங்குவதானால், ஆவி கசிவதைத் தடுக்கும் இ.வி.ஓ.எச். அடுக்கு உள்ளே வைத்த பல அடுக்கு டேங்காகக் கேளுங்கள். ஒற்றை அடுக்குப் பிளாஸ்டிக்கின் வழியே பெட்ரோல் ஆவி சிறிது சிறிதாக வெளியேறுவதால், மூடிய கொட்டகையில் நிறுத்தும் வண்டிக்கு அது ஏற்றதல்ல.

கேள்வி: பழைய டேங்கில் தண்ணீர் ஊற்றி அலசிவிட்டு வெல்டிங் செய்தால் ஆபத்தில்லை என்கிறார்களே?

பதில்: நம்ப வேண்டாம். காலியாகத் தெரியும் டேங்க், நிரம்பிய டேங்கைவிட ஆபத்தானது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது என்பதால் அலசிய பிறகும் அடியில் தங்கியிருக்கும். மடிப்புகளிலும் துருவின் பிளவுகளிலும் ஒளிந்திருக்கும் எரிபொருள், வெல்டிங் சூடு பட்டதும் ஆவியாகி வெளியே வரும். டீசல் டேங்குக்கும் இது பொருந்தும். சாதாரண வெப்பத்தில் எளிதில் பற்றாத டீசல், சூடேறிய தகட்டின் மீது பற்றக்கூடிய ஆவியாக மாறிவிடும். நீராவியால் சுத்தம் செய்து, உள்ளே எரியும் ஆவி இல்லை என்று கருவியால் அளந்து பார்த்த பிறகே தீயை அருகில் கொண்டுவரும் பட்டறையில் மட்டும் இந்த வேலையைக் கொடுங்கள். அப்படிப்பட்ட பட்டறை கிடைக்கவில்லையென்றால் டேங்கை மாற்றிவிடுங்கள்.