பதில்: ஃபிட் கிட் வாங்கிப் போகிறார்கள், திரும்பக் கொடுப்பதில்லை

ஃபிட் (FIT) கிட் என்பது மலத்தில் கண்ணுக்குத் தெரியாத ரத்தம் இருக்கிறதா என்று பார்க்க, வீட்டிலேயே மாதிரி எடுத்துத் திருப்பிக் கொடுக்கும் குடல் புற்றுநோய்ச் சோதனைப் பை. வாங்கிப் போன 29 பேர் திருப்பித் தரவில்லை, இன்னும் 40 கிட் கொடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். இப்போதைக்கு அதை நிறுத்துங்கள். முதலில், வாங்கிப் போய்த் திருப்பாத அந்த 29 பேருக்கும் போன் போடுங்கள். கிட் கொடுத்த பத்தாம் நாளில் ஒரு அழைப்பு போதும். இன்னொரு துண்டுப் பிரசுரம் வேண்டாம்.

பெரும்பாலும் தடுப்பது பயமல்ல, கூச்சமும் குழப்பமும்தான். சிங்கப்பூரில் 50 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு இது ஆண்டுதோறும் செய்ய வேண்டிய சோதனை. இரண்டு வெவ்வேறு நாள் மலம் வேண்டும். "தண்ணீரில் விழுந்துவிட்டால்?" என்பதிலேயே பாதிப் பேர் நின்றுவிடுவார்கள். கிட்டில் இருக்கும், மலம் தண்ணீரில் விழாமல் தாங்கும் காகிதத்தைக் கழிப்பறைக் கிண்ணத்தில் எப்படி விரிப்பது, மாதிரி எடுக்கும் குச்சியால் மலத்தில் நாலைந்து இடத்தில் லேசாகக் குத்தினால் போதும் என்பதை உங்கள் மேசையிலேயே செய்து காட்டுங்கள். நான் மாவு உருண்டையை வைத்துக் காட்டுவேன். சிரிப்பார்கள், ஆனால் மறக்க மாட்டார்கள். பத்தியம் எதுவும் வேண்டாம் என்றும் சொல்லிவிடுங்கள்.

சரிபார்க்க: ஐந்து பேரிடம் "கிட் இப்போது எங்கே இருக்கிறது?" என்று கேளுங்கள். "பையிலேயே" என்றால் காரணம் இதுதான்.

ஒன்று மட்டும். மலத்தில் ஏற்கெனவே ரத்தம் பார்த்தவர்களுக்கும், பெற்றோர், உடன்பிறந்தாரில் யாருக்காவது குடல் புற்றுநோய் இருந்தவர்களுக்கும் கிட் கொடுத்து அனுப்பாதீர்கள், நேரே மருத்துவரிடம். ரத்தம் இருப்பதாக முடிவு வந்தால் கொலோனோஸ்கோபிக்கு (கேமரா பொருத்திய குழாயால் பெருங்குடலைப் பார்க்கும் பரிசோதனை) தேதி வாங்கும்வரை விடாதீர்கள்.