வியாழக்கிழமை செய்கிறோமா, செய்வோமா?

வணக்கம் சார்,

எனக்கு ஊர் கோவில்பட்டி பக்கம். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தவன். இப்போது பெங்களூரு ஒயிட்ஃபீல்டில் ஒரு மென்பொருள் கம்பெனியில் டெஸ்டிங் வேலை. எங்கள் கிளையன்ட் லண்டனில் இருக்கிறார்கள்.

சமீபத்தில் ஒரு மீட்டிங்கில், அடுத்த வாரம் டெஸ்டிங் உண்டா என்று கேட்டார்கள். சர்வர் ஒதுக்கியாகிவிட்டது, ஆட்களுக்கும் சொல்லியாகிவிட்டது. அதனால் தைரியமாக "வீ வில் டெஸ்ட் இட் ஆன் தர்ஸ்டே" என்றேன். அந்தப் பக்கம் இருந்த ஒருவர், "அப்படியென்றால் இன்னும் ஷெட்யூல் ஆகவில்லையா?" என்று கேட்டார். எனக்கு என்ன சொல்வதென்றே தெரியவில்லை. எங்கள் லீட் நடுவில் புகுந்து "வீ ஆர் டெஸ்டிங் இட் ஆன் தர்ஸ்டே" என்றார். சரி என்று அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்கள்.

பள்ளிக்கூடத்தில் எதிர்காலம் என்றால் வில், ஷேல் என்றுதான் படித்தேன். 'இங்' போட்டால் இப்போது நடந்துகொண்டிருப்பது. வியாழக்கிழமை செய்யப்போவதை இப்போதே செய்துகொண்டிருப்பதாக எப்படிச் சொல்ல முடியும்? பொங்கல் லீவு கேட்டு ஒரு மெயில் எழுத வேண்டும். டிக்கெட் இன்னும் வெயிட்டிங் லிஸ்டில் இருக்கிறது. முதல் வரியிலேயே நிற்கிறேன்.

ர.

அன்புள்ள ர.,

அந்த லண்டன்காரர் கொஞ்சம் கறார் பேர்வழி போலிருக்கிறது. பெரும்பாலானவர்கள் உங்கள் 'வில்'லைக் கண்டுகொள்ளாமல் தாண்டிப் போயிருப்பார்கள். நீங்கள் சொன்ன வாக்கியத்தில் இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் அவர் கேட்ட கேள்விக்குக் காரணம் இருக்கிறது.

ஆங்கில வினைக்கு எதிர்காலத்துக்கென்று தனி உருவம் கிடையாது. நமக்குச் 'செய்வேன்' என்பதில் ஒரு வகரம் இருக்கிறது, 'படிப்பேன்' என்பதில் ஒரு பகரம். கேட்டவுடன் எதிர்காலம் என்று தெரிந்துவிடும். அவர்களுக்கு 'வென்ட்', 'வாக்ட்' என்று இறந்தகாலத்துக்கு உருவம் உண்டு, எதிர்காலத்துக்கு இல்லை. பழைய ஆங்கிலத்தில் நிகழ்காலத்தை வைத்தே பெரும்பாலும் ஒப்பேற்றினார்கள். 'வில்' ஆதியில் விரும்புவதைக் குறித்தது, 'ஷேல்' கடன்பட்டிருப்பதை. இரண்டும் துணைவினையாக வந்து அப்படியே தங்கிவிட்டன. நான், நாம் என்றால் ஷேல், மற்றவர்களுக்கு வில் என்ற விதியை 1653-இல் ஜான் வாலிஸ் தன் இலக்கண நூலில் எழுதினார். ஆங்கிலத்துக்கு லத்தீனில் எழுதிய இலக்கணம் அது! கணிதத்தில் முடிவிலிக்கு எட்டைப் படுக்கப்போட்ட குறியைக் கொண்டுவந்தவரும் இவரேதான். குறி நிலைத்துவிட்டது. விதியை இங்கிலாந்தில் பேச்சில் ஏறக்குறைய விட்டுவிட்டார்கள், நம் பள்ளிக்கூடங்கள்தான் விட்டபாடில்லை. "ஷேல் வீ ஸ்டார்ட்?" என்று கேட்பதற்கு மட்டும் ஷேலை வைத்துக்கொண்டால் உங்களுக்குப் போதும்.

தனி உருவம் இல்லாததால் ஆங்கிலம் வேறு ஒன்றைக் கவனிக்கிறது. ஒரு திட்டம் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது? மனசில் மட்டும் இருக்கிறதா, பிறரிடம் சொல்லி அவர்களும் அதில் மாட்டியாகிவிட்டதா? இதைப் பொறுத்துத்தான் உருவம் மாறும். கோவில்பட்டிக்காரரான உங்களுக்கு இதைப் புதிதாகக் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. பாடப்புத்தகத் தமிழை வைத்து ஆங்கிலம் பேசாமல், வீட்டில் பேசும் தமிழை வைத்துப் பேசினாலே முக்கால்வாசி சரியாகிவிடும்.

அம்மா போனில் பொங்கலுக்கு வருகிறாயா என்று கேட்கிறார். அக்டோபரில் கேட்டால் "வரலாம்னு இருக்கேம்மா" என்பீர்கள். ரயில் முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது (2024 அக்டோபர் வரை 120 நாளாக இருந்தது), ஆக நவம்பர் நடுவில் ஒரு நாள் காலை 8 மணிக்கு போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். டிக்கெட் கிடைத்துவிட்டால் அன்று சாயங்காலம் அம்மாவிடம் என்ன சொல்வீர்கள்? "பதிமூணாம் தேதி வாரேம்மா." வருவேன் என்று சொல்லவே மாட்டீர்கள். சொன்னால் அம்மா, "ஏம்ப்பா, வரமாட்டேன்னு யாரு சொன்னா?" என்று கேட்பார்.

'வரலாம்னு இருக்கேன்' என்பது "ஐ ஆம் திங்கிங் ஆஃப் கோயிங் ஹோம்". 'பதிமூணாம் தேதி வாரேன்' என்பது "ஐ ஆம் கமிங் ஹோம் ஆன் த தர்ட்டீந்த்". தேதி எதிர்காலத்தில், வினை நிகழ்காலத்தில். நீங்கள் கேட்ட 'எப்படிச் சொல்ல முடியும்' என்பதைத் தமிழில் தினமும் செய்துகொண்டுதான் இருக்கிறீர்கள். பயணம் பதிமூன்றாம் தேதிதான், ஆனால் ஏற்பாடு இன்றைக்கே கையில் இருக்கிறது. உங்கள் லீட் சொன்ன 'ஆர் டெஸ்டிங்'கும் அதே கணக்கு. சர்வரும் ஆட்களும் தயார் என்பது அந்த 'இங்'கிலேயே வந்துவிடுகிறது.

வண்டி கிளம்புவதற்கு இன்னொரு உருவம்: "த நாகர்கோவில் எக்ஸ்பிரஸ் லீவ்ஸ் இன் த ஈவினிங்". கால அட்டவணையில் அச்சானவை எல்லாம் இப்படித்தான். நாம் ஏறினாலும் ஏறாவிட்டாலும் அது கிளம்பும். பத்திரிகைத் தலைப்புகளில் 'டு ஓப்பன்', 'டு விசிட்' என்று வருவது இதற்குப் பக்கத்து வீடு. நம் ஆர்.வி. ரோடு–பொம்மசந்திரா மஞ்சள் தட மெட்ரோ 2025 ஆகஸ்ட் 10 அன்று ஒருவழியாகத் திறக்கும் வரை அந்த மாதிரித் தலைப்புகளை எத்தனை தடவை படித்திருப்போம்!

வெயிட்டிங் லிஸ்ட்? "ஐ ஆம் ஹோப்பிங் டு கோ ஆன் த தர்ட்டீந்த்" என்பதற்கு மேல் போகாதீர்கள். ஆர்.ஏ.சி. வந்துவிட்டால் "ஐ ஆம் கோயிங்" என்று தாராளமாகச் சொல்லலாம். படுக்க இடம் கிடைக்கிறதோ இல்லையோ, ஊருக்குப் போய்விடுவீர்கள்.

அடுத்து 'கோயிங் டு'. 'மழை பெய்யப் போகுது' என்பதில் நம் 'போ' செய்யும் வேலையை அங்கே 'கோ' செய்கிறது. இரண்டு மொழியும் இதைத் தனித்தனியாகக் கண்டுபிடித்தது எனக்கு எப்போதும் ஆச்சரியம்தான். ஏப்ரல் சாயங்காலத்தில் ஒயிட்ஃபீல்டு பக்கம் இருட்டிக்கொண்டு வரும்போது "இட் ஈஸ் கோயிங் டு ரெயின்" என்பார்கள், கண்முன் அறிகுறி இருக்கிறதே. அறிகுறி இல்லாமல் வெறும் ஊகம் என்றால் 'வில்'. நம் பழைய இலக்கணக்காரர்களும் இதை யோசித்திருக்கிறார்கள். விரைவு, மிகுதி, தெளிவு, இயல்பு இந்த நான்கிலும் காலம் மாறி வரலாம் என்கிறது நன்னூல். எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு மேட்டில் ஏறினால் 'மழை பெய்தது' என்றே சொல்லலாம் என்பது தெளிவுக்கு உரைகாரர்கள் காட்டும் உதாரணம். மழை இன்னும் பெய்யவில்லை, ஆனால் பெய்தாகிவிட்டது! விரைவுக்கு உதாரணம் வேண்டுமென்றால், பெங்களூரு சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் நின்றுகொண்டு "இதோ வந்துட்டேன்" என்று போனில் சொல்கிறோமே, அதுதான். நன்னூலை எழுதச்சொன்ன சீயகங்கன், கோலாரைப் பழைய தலைநகராகக் கொண்ட கங்கர் வழி வந்தவன். கோலார் உங்கள் ஆபீஸிலிருந்து ஒரு பஸ் தூரம்.

சரி, முக்கால்வாசி என்றேன், மிச்சக் கால்வாசிக்கு வருகிறேன். நம் தமிழ் நம்மைக் காலைவாரும் இடங்கள் அவை.

முதலாவது, அந்த இடத்திலேயே எடுக்கும் முடிவு. மீட்டிங்கில் "மினிட்ஸ் யார் எழுதுவது?" என்று கேட்டால் தமிழில் "நான் எழுதறேன்" என்போம். அதை அப்படியே "ஐ ஆம் ரைட்டிங் இட்" என்றால், வேலை முன்பே உங்களுக்கு ஒதுக்கப்பட்டுவிட்டது, கேட்டவருக்குத்தான் தெரியாது என்பது போல ஆகிவிடும். அங்கே "ஐ வில் டு இட்"தான் சரி. கேள்வி வந்த பிறகு பிறந்த முடிவுக்கு வில். உங்கள் வியாழக்கிழமை விவகாரம் இதனால் வந்தது. அவர் கேட்டார், நீங்கள் 'வில்' என்றீர்கள். கேட்டதால்தான் இப்போது முடிவு செய்கிறார் என்று அவர் காதில் விழுந்திருக்கிறது. வில்லுக்கு வாக்குறுதி என்ற வேலையும் உண்டு. "ஐ வில் செண்ட் இட் பை ஃப்ரைடே" என்றால் வெள்ளிக்குள் அனுப்புவதாக வாக்குக் கொடுக்கிறீர்கள். அங்கே 'பை'க்குப் பதில் 'அண்டில்' போட்டால் வெள்ளி வரை அனுப்பிக்கொண்டே இருப்பீர்கள்!

இரண்டாவது, வழக்கம். "எங்கப்பா நாலு மணிக்கே எந்திரிச்சிருவாரு" என்கிறோம். நம் எதிர்கால உருவம் வழக்கத்தையும் சொல்லும், அதனால் "மை ஃபாதர் வில் கெட் அப் அட் ஃபோர்" என்று வாயில் வருகிறது. பெங்களூருவில் கன்னடம், தெலுங்கு பேசுகிறவர்களுக்கும் இதே வழுக்கல் உண்டு என்பதால் இங்கே யாரும் திருத்துவதில்லை. லண்டனில் கேட்பவர், நாளைக்கு மட்டும் நாலு மணிக்கு எழுந்திருக்கப் போகிறார் போல என்று நினைப்பார். தினசரிப் பழக்கம் என்றால் 'கெட்ஸ் அப்' போதும், 'வில்'லை விட்டுவிடுங்கள்.

மூன்றாவது தமிழின் குற்றமே இல்லை. "ஐ வில் கால் யூ வென் ஐ வில் ரீச்" என்று நம்மவர்கள் சொல்வது அதிகப்படியான எச்சரிக்கையால். 'போய்ச் சேர்ந்ததும் கூப்பிடுறேன்' என்பதில் சேர்ந்ததும் எதிர்காலமா என்ன? ஆங்கிலத்திலும் 'வென் ஐ ரீச்' போதும்.

பெரியவர்களிடம் திட்டம் கேட்க ஒரு பணிவான உருவம் உண்டு. "வில் யூ ஜாயின் த மீட்டிங்?" என்றால் வா என்று கூப்பிடுவது போல இருக்கும். "வில் யூ பி ஜாயினிங்?" என்றால் 'நீங்க வர்றதா இருக்கீங்களா?' என்று விசாரிப்பது, இல்லை என்று சொல்ல அவருக்கு வழி இருக்கும். மேனேஜரிடம் இரண்டாவதைப் பயன்படுத்துங்கள்.

சில்லறை விஷயங்கள் சில. மீட்டிங்கை முன்னால் கொண்டுவருவதற்கு நாம் சொல்லும் 'ப்ரிப்போன்' இந்திய ஆங்கிலம். நல்ல சொல்தான், ஆனால் லண்டனில் 'பிரிங் ஃபார்வர்டு' என்றால்தான் எல்லோருக்கும் புரியும். அவர்கள் 'ஹாஃப் ஃபைவ்' என்றால் ஐந்தரை, இரண்டரை இல்லை. 'நெக்ஸ்ட் ஃப்ரைடே' என்று யார் சொன்னாலும் தேதியைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், அவர்களுக்குள்ளேயே அதில் ஒற்றுமை கிடையாது. மார்ச் கடைசி ஞாயிறு அன்று அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் வைப்பார்கள். அவர்களுடைய 10 மணி மீட்டிங், நமக்கு மூன்றரையிலிருந்து இரண்டரைக்கு வந்துவிடும். மத்தியானச் சாப்பாட்டை அதற்குத் தகுந்தாற்போல் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி உங்கள் மெயில். டிக்கெட் உறுதியாகும் வரை இப்படித் தொடங்கலாம்: "ஐ ஆம் ஹோப்பிங் டு டிராவல் ஹோம் ஃபார் பொங்கல், அண்ட் ஐ வுட் லைக் டு டேக் லீவ் ஃப்ரம் த தர்ட்டீந்த் டு த சிக்ஸ்டீந்த் ஆஃப் ஜனவரி." உறுதியானதும் லண்டனுக்கு ஒரு வரி: "ஐ வில் பி ஆன் லீவ் ஃப்ரம் த தர்ட்டீந்த்." உங்களுக்குப் பதிலாக வேலையைப் பார்ப்பவரைப் பற்றி எழுதும்போது 'வில் கவர்' என்பதைவிட 'ஈஸ் கவரிங் ஃபார் மீ' என்று எழுதினால் அந்தக் கறார் பேர்வழிக்கு மறுபடி கேள்வி எழாது. ஆனால் அப்படி எழுதுவதற்கு முன்னால் அந்த நண்பரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அவரும் பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவராக இருந்துவிடப் போகிறார்.

அன்புடன்.