வாள் சீட்டுகள் கூடுதலாக வந்தால் அஞ்ச வேண்டுமா?

கேள்வி: கொழும்புக் கோட்டையில் உள்ள அலுவலக வேலையை விடலாமா என்று மனத்தில் எண்ணி, குறிபார்க்கும் டாரட் சீட்டுகளில் ஐந்தை எடுத்தேன். வாள் இரண்டு, வாள் எட்டு, வாள் ஆறு, கிண்ணம் நான்கு, நாணயம் எட்டு ஆகியன வந்தன. கோல் ஒன்றுகூட வரவில்லை. வாள் கூடினால் கெடுதி என்கிறார் தோழி. ஒரு சூட்டின் (வாள், கிண்ணம் போன்ற சீட்டு வகையின்) பொருளை எவ்வாறு விளங்கிக்கொள்வது? – வாசகி, வெள்ளவத்தை

பதில்: உங்கள் வினா வாழ்க்கையின் எப்பகுதியைச் சார்ந்து நிற்கிறது என்பதைச் சூட் காட்டுகிறது, நலமும் கேடும் அந்தந்தச் சீட்டின் எண்ணிலும் படத்திலும் பார்க்க வேண்டியவை. டாரட்டின் 78 சீட்டுகளில் எந்தச் சூட்டிலும் சேராத 22 பெருஞ்சீட்டுகள் போக, எஞ்சிய 56 சீட்டுகளும் கோல், கிண்ணம், வாள், நாணயம் என்று சூட்டுக்குப் பதினான்காகப் பிரிகின்றன. 15ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில் டாரட் ஒரு சீட்டாட்டமாகவே தொடங்கியது. நம் வீடுகளில் 304 என்னும் சீட்டாட்டம் ஆடுவோர் துருப்பு என்று சொல்வதைப் போல, அங்கே அந்த 22 பெருஞ்சீட்டுகள் மற்றச் சீட்டுகளை வெல்லும் நிரந்தரத் துருப்பாக இருந்தன; ஆனால் நான்கு சூட்டுகளில் எதுவும் மற்றதைவிடக் கெட்டதாகக் கருதப்படவில்லை.

கோலுக்கு நெருப்பு, கிண்ணத்துக்கு நீர், வாளுக்குக் காற்று, நாணயத்துக்கு நிலம் என்ற பொருத்தத்தை 1888இல் இலண்டனில் தொடங்கிய கோல்டன் டான் என்னும் மறைஞான அமைப்பு நிலைபெறச் செய்தது. அதன்படி கோல் முனைப்பையும், கிண்ணம் உணர்வையும் உறவையும், நாணயம் உழைப்பு, பணம், உடல் ஆகியவற்றையும், வாள் சிந்தனை, பேச்சு, தீர்மானம், அவற்றிலிருந்து எழும் முரண்பாடு ஆகியவற்றையும் குறிக்கின்றன. நமது பஞ்சபூதக் கருத்தையோ இராசிப் பலனையோ இதன்மேல் ஏற்றிப் பார்க்காமல் இருப்பது நல்லது, இரண்டும் குழம்பிவிடும்.

வாளைப் பற்றிய அச்சம் பெரும்பாலும் 1909இல் பமேலா கோல்மன் ஸ்மித் என்னும் ஓவியர் டாரட் சீட்டுகளுக்கு வரைந்த படங்களால் வந்தது. இதயத்தை மூன்று வாள்கள் துளைப்பதும், விழுந்து கிடப்பவரின் முதுகில் பத்து வாள்கள் நிற்பதும் எவரையும் திடுக்கிடச் செய்யும். ஆனால் கிண்ணம் ஐந்தில் கிண்ணங்கள் கவிழ்ந்து கிடக்கின்றன. நாணயம் ஐந்தில் வறியவர் இருவர் பனியில் நடக்கிறார்கள். வாளின் முதற்சீட்டிலோ வாள்முனையில் முடி சூட்டப்பட்டிருக்கிறது. துயரம் எல்லாச் சூட்டிலும் உண்டு.

இனி உங்கள் சீட்டுகளுக்கு வருவோம். நாணயம் எட்டில் ஒரு கைவினைஞர் தம் வேலையில் ஆழ்ந்திருக்கிறார். ஆகவே உங்கள் தொழில்திறனில் குறை தெரியவில்லை. கிண்ணம் நான்கில் நீட்டப்படும் கிண்ணத்தை ஏறிட்டும் பாராத இளைஞர், அவ்வேலையில் மனம் ஒட்டாததைக் காட்டுகிறார். ஐந்து சீட்டுகளில் சராசரியாக ஒரு வாளே எதிர்பார்க்கத்தக்கது. மூன்று வந்திருப்பதால், சிக்கல் தீர்மானத்தில்தான் இருக்கிறது என்று வாசிப்பேன். வாள் இரண்டில் ஒரு பெண் கண்ணைக் கட்டிக்கொண்டு இரு வாள்களை ஏந்தி அமர்ந்திருக்கிறாள். வாள் எட்டிலும் கட்டுண்ட பெண்ணே நிற்கிறாள், ஆனால் அவள் கால்கள் கட்டப்படவில்லை. வாள்களுக்கிடையே வழியும் இருக்கிறது. வாள் ஆறில் படகு அக்கரை நோக்கிப் புறப்பட்டுவிட்டது. இவற்றில் நான் காண்பது ஒத்திப்போடப்பட்ட ஒரு முடிவை, கெடுதியை அன்று.

கோல் வராததைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஐந்தே சீட்டுகள் எடுக்கும்போது ஏதேனும் ஒரு சூட் விடுபடுவது மிக இயல்பு.

வேலையை விடுமாறு எந்தச் சீட்டும் உங்களுக்குக் கட்டளையிடவில்லை. வாள் கேட்பது தெளிவு என்பதால், நியமனக் கடிதத்திலுள்ள முன்னறிவித்தல் காலத்தை முதலில் வாசியுங்கள். 15 பேருக்குக் குறையாத ஊழியர்களைக் கொண்ட நிறுவனமாயின், 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டப்படி 5 ஆண்டுச் சேவையை நிறைவுசெய்தவருக்குப் பணிக்கொடை உரித்தாகும். அந்த ஐந்தாண்டு உங்களுக்கு எப்போது நிறைவடைகிறது என்பதையும் பார்த்துவிட்டு விலகல் கடிதத்தை எழுதுங்கள்.