ஒரு கதைக்கு ஒரு பாடம் போதும்

இலங்கையின் முல்லைத்தீவு மாவட்டத்தில், ஒட்டுசுட்டான் பக்கத்துச் சிறிய பாடசாலை ஒன்றில் தரம் 3, தரம் 4 ஆகிய இரண்டு வகுப்புகளையும் ஒரே அறையில் வைத்துக் கற்பிக்கும் ஆசிரியை ஒருவர் எழுதியிருக்கிறார். சிறுவர் கதைகளைக் கொண்டு எல்லாப் பாடங்களையும் கற்பிக்கலாம் என்று செயலமர்வில் சொல்லப்பட்டதாம். அப்படிச் செய்தால் பாடத்திட்டம் முடியாமல் போய்விடுமோ என்பது அவருடைய அச்சம். இதற்கிடையில் முகவர் ஒருவர் "சகல பாடங்களுக்குமான கதைத்தொகுதி" ஒன்றைக் கொண்டுவந்து காட்டியிருக்கிறார். வெளிநாட்டிலுள்ள பழைய மாணவர் ஒருவர் அதற்குப் பணம் தரவும் ஆயத்தமாக இருக்கிறார். வாங்கலாமா என்று ஆசிரியை கேட்கிறார்.

அந்தத் தொகுதியை வாங்க வேண்டாம். கதைகளைக் கைவிடவும் வேண்டாம். ஒரு கதையின் முடிச்சு எந்தப் பாடத்தில் விழுந்திருக்கிறதோ, அந்தப் பாடத்துக்கு மட்டும் அந்தக் கதையை எடுங்கள். ஒரே கதையிலிருந்து கணிதம், சுற்றாடல், சமயம், சித்திரம் எல்லாவற்றையும் பிழிந்தெடுக்க முயல்வதனால்தான் நேரம் போகிறது, பிள்ளைகளுக்குக் கதையும் கசந்துபோகிறது.

தாகமெடுத்த காகம் குடத்தில் கல் போட்ட கதையை எடுத்துக்கொள்ளுங்கள். கல் போட்டதும் நீர் உயராவிட்டால் அந்தக் கதையே இல்லை. எனவே அது கனவளவுக்கு உரிய கதை. வாய் அகன்ற மூன்று ஜாம் போத்தல்களில் முறையே கால், அரை, முக்கால் பங்கு நீர் ஊற்றுங்கள். எந்தப் போத்தலில் நீர் வாய்வரை வரும் என்று பிள்ளைகளை முதலில் சொல்லவிட்டு, அதன் பிறகே கூழாங்கற்களைப் போடச் சொல்லுங்கள். முக்கால் பங்கு நீர் உள்ள போத்தலில் நீர் விரைவில் விளிம்புக்கு வந்துவிடும். அரைப் பங்கு உள்ளதில் சிறிய கற்களைப் போட்டால் பெரும்பாலும் வரும். பெரிய, கோணல் கற்களென்றால் எட்டாமல் நிற்கவும் கூடும். கால் பங்கு உள்ளதிலோ கல் விளிம்பை முட்டிய பின்னரும் நீர் கீழேயே நிற்கும், ஏனெனில் கற்களுக்கு இடையிலுள்ள வெளிகளை நிரப்பவே அந்த நீர் போதாது. அப்போது ஒரு பிள்ளையாவது, காகத்தின் குடத்தில் எவ்வளவு தண்ணீர் இருந்தது என்று கேட்கும். எந்தச் செயலட்டையாலும் இந்தக் கேள்வியை வரவழைக்க முடியாது என்பதை நான் பல வகுப்பறைகளில் இருந்து பார்த்திருக்கிறேன்.

பாட்டி வடை சுட்ட கதை இதற்கு நேர்மாறானது. பாட்டி பத்து வடை சுட்டார், காகம் ஒன்றை எடுத்தது, மீதி எத்தனை என்று கேட்பது கதைக்கு ஒட்டுப் போடுவதாகும். பத்துக்குப் பதில் இருபது என்றாலும் கதையில் எதுவும் மாறாது. அந்தக் கதையின் முடிச்சு நரியின் பேச்சில் இருக்கிறது. நரி எந்தச் சொற்களால் காகத்தை மயக்கியது, காகம் வடையைக் காலில் வைத்துக்கொண்டு என்ன பதில் சொல்லியிருக்கலாம் என்று பேசவிட்டால் அது நல்ல தாய்மொழிப் பாடம். அதை அத்தோடு விட்டுவிடுங்கள்.

இனி அந்த முகவர் விடயம். இத்தகைய ஒரு தொகுதியை நானே ஒரு பாடசாலையில் பிரித்து எண்ணினேன். ஐம்பது புத்தகங்கள் என்று பற்றுச்சீட்டு இருந்தது, ஆனால் கதைகள் பதினேழுதான். மற்றவை அட்டையை மாற்றிப் போட்டவை. விலையின் மேல் விலை ஒட்டப்பட்டிருந்தது. ஒவ்வொரு கதையின் முடிவிலும் ஒரு நீதியும், நிரப்புவதற்குப் பத்து இடைவெளிகளும் அச்சிடப்பட்டிருந்தன. பப்பாசி என்று பேசும் பிள்ளைக்குப் பப்பாளியும், சவர்க்காரம் என்று பேசும் பிள்ளைக்குச் சோப்பும் விளக்கமின்றி வந்திருந்தன. பிறநாட்டுச் சொற்களைப் பிள்ளை அறிவது நல்லதுதான். ஆனால் அளவைப் பாடத்துக்கென்று வாங்கிய புத்தகத்தில் சொல்லுக்கு விளக்கம் சொல்லியே பாடவேளை முடிந்துவிடும். பணம் தந்தவருக்கு அனுப்பப்பட்டது, பிள்ளைகள் வரிசையாகப் புத்தகம் ஏந்தி நிற்கும் புகைப்படம் ஒன்று மட்டுமே. திணைக்களத்தின் அங்கீகாரம் உண்டு என்று முகவர் வாயால் சொன்னால் ஏற்காதீர்கள். அங்கீகாரக் கடிதத்தின் பிரதியைக் கேளுங்கள், ஒவ்வொரு புத்தகத்தின் தலைப்பையும் விலையையும் தனித்தனியே எழுதித் தரச் சொல்லுங்கள். இவ்விரண்டையும் கேட்டால் பலர் திரும்பி வருவதில்லை. 1980ஆம் ஆண்டு முதல் அரசு இலவசமாகத் தரும் பாடநூல்களிலேயே கதைகள் இருக்கின்றன. பிள்ளைகளின் அம்மம்மாவிடமும் அப்பப்பாவிடமும் அவற்றைவிட அதிகம் இருக்கின்றன.

பாடத்திட்டம் முடியாது என்ற அச்சத்துக்கு வருகிறேன். 1999ஆம் ஆண்டு தரம் 1இலிருந்து நடைமுறைக்கு வந்த ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம் தரம் 3, 4 ஆகியவற்றில் விளையாட்டு, செயற்பாடு, எழுத்துவேலை மூன்றுக்கும் சம இடம் கொடுத்தது. ஆகவே போத்தலும் கல்லும் பாடத்துக்கு மேலதிகமானவை அல்ல, அவையே பாடம். அவற்றைச் செய்த நாளில் அதே விடயத்துக்குரிய பயிற்சியைக் குறைத்துவிடுங்கள். பாடக்குறிப்பில் "கதை கூறல்" என்று எழுதாமல், "திரவங்களின் கனவளவை ஒப்பிடுவர்" என்று தேர்ச்சியை முதலில் எழுதி, அதன் கீழே கதையைக் குறியுங்கள். மேற்பார்வைக்கு வருபவர்களிற் பலர் பிள்ளையின் கையிலுள்ள போத்தலைப் பார்ப்பதில்லை, உங்கள் கொப்பியைத்தான் பார்க்கிறார்கள் என்பதால் இதை வற்புறுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஒரு கதைக்கு ஒரு பாடம் என்ற விதிக்கு உங்கள் வகுப்பறை ஒரு விலக்கு. பல்தரக் கற்பித்தலில் ஒரே கதையை இரண்டு ஆழத்தில் எடுக்கலாம், எடுக்கவும் வேண்டும். சதுரங்கப் பலகையின் முதற் கட்டத்துக்கு ஒரு நெல், அடுத்ததற்கு இரண்டு, அதற்கடுத்ததற்கு நான்கு என்று அரசனிடம் பரிசு கேட்ட புலவரின் கதையை இரு வகுப்பினருக்கும் ஒன்றாகச் சொல்லி, அரசன் சிரித்துக்கொண்டே சம்மதித்த இடத்தில் நிறுத்துங்கள். முதல் இருபது நிமிடமும் தரம் 4 பிள்ளைகள் இருவர் இருவராகப் பதினான்காம் கட்டத்தின் 8192 வரை தாமே கணக்கிடட்டும். நீங்கள் தரம் 3 பிள்ளைகளோடு தரையில் அமர்ந்து, ஒரு சுண்டு நெல்லைப் பத்துப் பத்தாகக் கூறுகட்டி, பத்தாம் கட்டத்தின் 512 வரை வாருங்கள். அதன்பின் இடம் மாறி, தரம் 4 பிள்ளைகளின் கணக்கைப் பாருங்கள். சிறியவர்கள் அதுவரை நெற்குவியல்களை வரையட்டும். கடைசிப் பத்து நிமிடத்தில் எல்லோரையும் கூட்டி, 64 கட்டங்களையும் நிரப்ப ஊரின் நெல் முழுவதும் போதுமா என்று கேட்டு, அதற்குப் பிறகுதான் கதையை முடியுங்கள். கதையை முன்னரே முடித்துவிட்டால் பெரியவர்கள் கணக்கை விட்டுவிடுவார்கள். இந்தத் தவறு பல்தர வகுப்புகளில் அடிக்கடி நடக்கிறது.

தரம் 3இலேயே, தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சைக்கான மாதிரி வினாத்தாள்களைக் கேட்டு வரும் பெற்றோருக்கு, அந்தப் பரீட்சையிலும் பந்தியை வாசித்து விளங்கியே விடை எழுத வேண்டியிருக்கிறது என்று சொல்லுங்கள். எட்டு வயதுப் பிள்ளையைச் சனிக்கிழமையும் வினாத்தாளோடு உட்கார வைக்கும் இந்த ஓட்டத்தை நிறுத்தும் அதிகாரம் உள்ளவர்கள் அதைச் செய்யாமல், ஆண்டுதோறும் சுற்றறிக்கை மட்டும் அனுப்புவது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தருகிறது.

உங்கள் பாடசாலை அலுமாரியில் ஏற்கெனவே பூட்டிக் கிடக்கும் கதைப்புத்தகங்களை எடுத்துத் தரும்படி அதிபரிடம் கேளுங்கள். இருப்புப் பதிவேட்டில் குறையும் என்று அவர் தயங்கினால், இரவல் கொப்பி ஒன்றைத் தொடங்கிப் பொறுப்பை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். பணம் தர முன்வந்த பழைய மாணவருக்கு, பிள்ளைகளின் கைக்கெட்டும் உயரத்தில் ஒரு திறந்த தட்டும், அமர்ந்து வாசிக்க நான்கு பாய்களும் வேண்டும் என்று எழுதுங்கள். முகவரின் பற்றுச்சீட்டைவிட அது குறைவாகத்தான் வரும்.