கல்லும் மண்ணும்தான் கிடக்கிறது, பனி எங்கே?

கேள்வி: போன ஏப்ரலில் எவரெஸ்ட் பேஸ் கேம்ப் வரை நடந்துவிட்டு வந்தேன். அந்த வழியில் வரும் கும்பு பனியாறு (மலையில் மெல்ல நகர்ந்து இறங்கும் பெரிய பனிக்கட்டிப் பாளம்) வெள்ளை வெளேரென்று இருக்கும் என்று நினைத்திருந்தேன். வழியில் உள்ள லொபுச்சே ஊரைத் தாண்டியும் கல்குவாரி மாதிரி கல்லும் மண்ணும்தான். எல்லாம் உருகிவிட்டதா? பருவநிலை மாற்றம்தான் காரணமா? அடுத்த முறை அந்தப் பக்கம் போனால் வேறு எதைப் பார்க்கலாம்?
– ஒரு வாசகர், திருப்பூர்

பதில்: கல்லை வைத்து முடிவுக்கு வராதீர்கள். கும்புவின் கீழ்ப்பகுதி நெடுங்காலமாகவே கல் போர்த்தியதுதான். இரண்டு பக்கச் சிகரங்களிலிருந்தும் பாறை உடைந்து விழுந்துகொண்டே இருக்கும், பனி உருக உருக அந்தக் கல் மேலே தங்கிவிடும். கனமான கல் போர்வை வெயிலைத் தடுத்து அடியில் இருக்கும் பனியைக் கொஞ்சம் காப்பாற்றவும் செய்கிறது. அடியில் பனி இன்னும் இருக்கிறது.

ஆனால் பாதிப்பு உண்மை, அதன் பக்கத்திலேயே நீங்கள் நடந்திருக்கிறீர்கள். லொபுச்சேயிலிருந்து, பேஸ் கேம்ப்புக்கு முந்தைய கடைசித் தங்குமிடமான கோரக் ஷெப் போகும்போது வலது கைப் பக்கம் ஏரிக்கரை மாதிரி நீளமாக ஒரு மேடு கூடவே வந்திருக்குமே, அது பனியாறு தானே தள்ளிக்கொண்டு வந்து ஓரத்தில் குவித்தது. குவித்த காலத்தில் பனி அந்த மேட்டின் உச்சி வரை இருந்தது. இன்று அதன் மேல் ஏறி எட்டிப் பார்த்தால் பனியாறு எங்கோ கீழே பள்ளத்தில் கிடக்கிறது. அந்தப் பள்ளம் முழுக்க ஒரு காலத்தில் பனி. இது புரிந்த அன்று நான் வெகுநேரம் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை. கும்புவின் கீழ் முனை பெரிதாகப் பின்வாங்கவில்லை, அதனால் நீளத்தை மட்டும் பார்ப்பவர்களுக்கு ஒன்றும் ஆகாதது போலத் தெரியும். அது தடிமனில் இளைத்துக்கொண்டிருக்கிறது. நடுநடுவே குட்டைகளும் அழுக்கான பனிச்சுவர்களும் பார்த்திருப்பீர்கள், கல் மூடாத அந்த இடங்களில்தான் பனி மிக வேகமாக உருகுகிறது.

இமயமலை, இந்துகுஷ் பகுதிப் பனியாறுகள் 2011–2020-ல் அதற்கு முந்தைய பத்தாண்டைவிட 65 சதவீதம் வேகமாகக் கரைந்தன என்று காத்மாண்டுவில் உள்ள இசிமோட் என்ற மலைப்பகுதி ஆய்வு மையம் 2023-ல் சொன்னது. காரணம் பூமி சூடாவதுதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

சரி, அடுத்த முறை எங்கே? அதே பாதையில் உள்ள திங்போச்சே ஊரிலிருந்து சுக்குங் என்ற ஊருக்குப் போய், மேலே 5,010 மீட்டரில் இருக்கும் இம்ஜா ஏரியைப் பாருங்கள். 1950-களில் அங்கே ஏரியே கிடையாது. பிறகு பனியாறு உருகிச் சின்னச் சின்னக் குட்டைகள், அவை சேர்ந்து சேர்ந்து இப்போது ஒரு சதுர கிலோமீட்டருக்கும் மேல். கரை உடைந்தால் கீழே ஊர்கள் இருக்கின்றன என்பதால் 2016-ல் நேபாள ராணுவத்தினர் அந்த உயரத்தில், அந்தக் குளிரில், வாய்க்கால் வெட்டி நீர்மட்டத்தை மூன்று மீட்டருக்கு மேல் இறக்கினார்கள்.

அப்புறம், நாம்சேயிலிருந்து தாமே ஊருக்கும் ஒரு நாள் ஒதுக்குங்கள். ஹிலாரியோடு முதன்முதலில் எவரெஸ்ட் உச்சியைத் தொட்ட டென்சிங் சிறுவயதில் வளர்ந்த ஊர். 2024 ஆகஸ்ட் 16-ம் தேதி மேலே இருந்த சின்னப் பனியாற்று ஏரிகள் உடைந்து வந்த வெள்ளம் வீடுகளையும் பள்ளிக்கூடத்தையும் அடித்துப் போய்விட்டது. பகல் நேரமாக இருந்ததால் மக்கள் தப்பினார்கள். பார்த்துவிட்டு உடனே திரும்பாமல் இரவு அங்கேயே தங்குங்கள், அந்த ஊர்க்காரர்களின் விடுதியில் சாப்பிடுங்கள். அந்தக் காசு அவர்கள் கைக்கே போகும்.